தாத்தா சின்னப்பன், பேரன் பவுலா?

கேள்வி: எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். மகனுக்கு 'பால்' என்று பெயர் வைக்க ஆசை. என் மாமியாரோ, "இங்கிலீஷ் பெயர் வேண்டாம், தாத்தா சின்னப்பன் பெயரையே வை" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சண்டையே வேண்டாம், இரண்டும் அநேகமாக ஒரே பெயர்தான். அது இங்கிலீஷ் பெயரும் இல்லை.

லத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சின்னவன். ரோமில் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டதை எமிலியுஸ் குலத்தின் ஒரு கிளை பரம்பரைப் பெயராகவே வைத்துக்கொண்டது, கி.மு. 216-ல் கன்னேயில் ஹானிபாலின் படையோடு மோதி மாண்டவர் ஒரு பவுலுஸ், கி.மு. 168-ல் பித்னாவில் மக்கெதோனிய அரசனைத் தோற்கடித்தவர் அவர் மகன். பெயரில் மட்டும்தான் சின்னவர்கள்.

பிறகு திருத்தூதர் பவுல். மனம் மாறியதும் சவுல் என்ற பெயரைப் பவுல் என்று மாற்றிக்கொண்டார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள், அது சரியில்லை. தமஸ்கு போகும் வழியில் அவர் மனம் மாறியது விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் 9-ஆம் அதிகாரத்தில் வருகிறது, அதற்கு அப்புறமும் அவர் சவுல்தான். 13-ஆம் அதிகாரத்தில், சைப்பிரஸ் தீவில் செர்கியு பவுல் என்ற ரோமை ஆளுநரைச் சந்திக்கும் இடத்தில்தான் அவருக்குப் பவுல் என்றும் பெயர் உண்டு என்று முதலில் தெரிகிறது. யூதர் என்பதால் ஒரு பெயர், ரோமைக் குடிமகன் என்பதால் இன்னொன்று. நம் வீடுகளில் கூப்பிட ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று இருப்பதில்லையா, அந்த மாதிரி.

அவரால்தான் இந்தப் பெயர் இத்தாலியில் பாவ்லோ, ஸ்பெயினில் பாப்லோ, ரஷ்யாவில் பாவெல், பக்கத்துக் கேரளத்தில் பௌலோஸ் என்று பரவியது. தமிழ்க் கத்தோலிக்கர் மட்டும் ஒலியை விட்டுவிட்டு அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு 'சின்னப்பர்' என்றார்கள்! எனக்கு மிகப் பிடித்த மொழிபெயர்ப்பு இது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அவர் பவுல் ஆகிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை: எல்லாச் சின்னப்பனும் பவுல் இல்லை. சாண்டோ சின்னப்பா தேவர் தீவிர முருக பக்தர். அங்கே சின்ன அப்பா, அவ்வளவுதான். உங்கள் தாத்தாவுக்கு எந்தப் புனிதரின் பெயர் என்பதைப் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் தமிழில் 'பவுல்' என்றே எழுதச் சொல்லுங்கள். 'பால்' என்றால் பள்ளிக்கூடத்தில் "பசும்பாலா, ஆவின் பாலா?" என்று பையனை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். வீட்டில் பாட்டி சின்னப்பா என்றே கூப்பிடட்டும்.