சொல்லும் குரலும் ஃபிடிலும்

கேள்வி: அமெரிக்க ஸ்கொயர் டான்ஸில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறாரே, அது பாட்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டில்லை அம்மா, கட்டளை. 4 ஜோடிகள் சதுரமாக நிற்பார்கள். அடுத்து என்ன என்பதைக் 'காலர்', அதாவது கட்டளை சொல்பவர், தாளத்துக்குச் சற்று முந்தியே சொல்லிவிட வேண்டும். பிந்தினால் எட்டுப் பேரும் முட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டளைகளில் ஒன்றான 'டோ-சி-டோ' என்பது 'முதுகோடு முதுகு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் மரூஉ.

எனக்கு உயிர் அந்த ஆட்டத்துக்கு வாசிக்கும் ஃபிடில்தான். நம் வயலினேதான். கென்டக்கி மலைக்கிராமத்தில் ஒரு பெரியவர் அதை மார்பில் சாய்த்து வாசிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நான்கு தந்திகளையும் ஏ-ஈ-ஏ-ஈ என்ற மேற்கத்திய ஸ்வரங்களுக்குச் சுருதி மாற்றியிருந்தார். வில் இரண்டு தந்திகளைச் சேர்த்து உரச, ஒன்று தம்பூராபோல ரீங்கரித்தது. வில்லில் தடவும் ரோசின் என்ற பிசினின் தூள் படிந்து தந்திகளின் அடியில் மரமே வெளுத்திருந்தது. பெரும்பாலும் 64 அடி வைத்தால் மெட்டு ஒரு சுற்று. ஆட்டம் நிற்கும்வரை அதே மெட்டுதான், எனக்கு அலுக்கவே இல்லை.