ஏன் இன்னும் அரும்பு?

வணக்கம் ஐயா,

வட்டாரக் கல்வி அலுவலராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மேலிருந்து வருவதைப் பள்ளிக்கும், பள்ளி தருவதை மேலேயும் அனுப்புவதுதான் வேலை. இந்த நாற்காலியிலிருந்து எதையாவது மாற்ற முடியுமா? மேற்படிப்புக்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். ஒரே ஆறுதல்: மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலைக் குழந்தைகள் (அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில் முதலாவது) அதிகமிருந்த பள்ளிகளிடம் விளக்கம் கேட்டேன், அடுத்த மாதமே எண்ணிக்கை குறைந்துவிட்டது.
ஆர்.

அன்புள்ள தம்பி,

மேற்படிப்பை அப்புறம் பார்க்கலாம். ஊதியப் பட்டியல், பணிப்பதிவேடு எல்லாம் நேரத்துக்கு முடியட்டும். நிலுவைக்கு அலையும் ஆசிரியருக்கு வகுப்பில் மனசு நிற்காது.

ஆனால் அந்த ஆறுதல் பொய். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைகள் கூட்டமாக ஒரே மாதத்தில் மொட்டுக்குப் போவது நிலையைப் பதியும் செயலியில் மட்டும்தான் நடக்கும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததே, குழந்தை எந்த வகுப்பில் இருந்தாலும் அதற்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்லித்தரத்தான். உங்கள் கடிதத்துக்குப் பயந்து நிலையை மாற்றிப் பதிந்தால், அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி நின்றுபோகும். படிக்கத் தெரியாத பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைச் செய்தது நீங்கள்.

அட்டைகளை வைத்துக் குழந்தை தன் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் முறைக்கும் இந்தக் கதி நேர்ந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனது. பார்வைக்குப் போனவர், குழந்தைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலையும் அட்டைகளையும் மட்டும் எண்ணிய இடங்களில், அவை மட்டும்தான் ஒழுங்காக இருந்தன.

அடுத்த பார்வையில் பதிவேட்டைக் கடைசியில் கேளுங்கள். ஒரு பாடவேளை முழுக்கப் பின்னால் உட்காருங்கள். பிறகு மலர் என்று பதிவான ஐந்து குழந்தைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, பாடநூலில் இல்லாத நாலு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். பாடநூல் வரி மனப்பாடமாக வந்துவிடும். 'பக்கம்' என்பதைப் 'பகம்' என்றால் ஒற்று பிடிபடவில்லை. 'கொடி'யைக் 'கோடி' என்றால் குறில் நெடில் தடுமாற்றம். எந்தத் தடுமாற்றம் என்று ஆசிரியரிடம் சொல்லி, அதற்கு மட்டும் இரண்டு வாரம் பயிற்சி கேளுங்கள். பதினைந்தாம் நாள் ஆசிரியர் பயிற்றுநர் அதே ஐவரை வாசிக்க வைக்கட்டும். சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலும் இதையே பேசுங்கள், தரவரிசை வாசிக்க வேண்டாம்.

அவசரம் என்று வரும் படிவங்களைப் பள்ளிக்குத் தள்ளுமுன், அந்த விவரம் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அலுவலகத்திலேயே நிரப்பி அனுப்புங்கள்.

இந்த வாரமே அந்த விளக்கக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். நிலையை உள்ளபடி திருத்திப் பதிந்தால் கேள்வி வராது என்று தலைமையாசிரியர்களிடம் நேரில் சொல்லுங்கள். அரும்பு எண்ணிக்கை ஏறும். ஏன் ஏறியது என்று மேலே கேட்பார்கள். அதற்கு விளக்கத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.