கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: எகிப்து, துனிசியா இரண்டிலும் 2011இல் சர்வாதிகாரி வீழ்ந்தார். எகிப்தில் மட்டும் ராணுவம் எப்படி ஆட்சியில் உட்கார்ந்தது? தொழிலாளர்கள் அங்கேயும் போராடினார்களே?
– வாசகர், அருவங்காடு

பதில்: கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரி ஊரிலிருந்து சரியான கேள்வி! எகிப்தில் ராணுவமே ஒரு முதலாளி. பாஸ்தா, குடிதண்ணீர் பாட்டில் வரை தயாரிக்கிறது. 2010 ஆகஸ்டில் தலைநகர் கெய்ரோ அருகே ஹெல்வான் ராணுவத் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து ஒருவர் இறக்க, அதை எதிர்த்து வேலையை நிறுத்திய சிவிலியன் தொழிலாளர்கள் 8 பேரை ராணுவ நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உங்கள் ஊரில் கேட் மீட்டிங் போட்டவருக்கு கோர்ட் மார்ஷல் என்றால் எப்படி இருக்கும்! மஹல்லா என்ற எகிப்து ஊரின் நெசவாலைக்காரர்கள் 2006லேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள்தான், ஆனால் நாடு முழுக்க இருந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1957 முதலே அரசின் சட்டைப்பைக்குள். அதனால் அதிபர் முபாரக் போனதும் பேரம் பேச ஆளில்லை, மார்ச் மாதமே வேலைநிறுத்தத்துக்குத் தடை வந்துவிட்டது.

துனிசியாவில் யுஜிடிடி என்ற நாடு தழுவிய தொழிற்சங்கம் 1946இல், அதாவது சுதந்திரத்துக்கு முன்பே பிறந்தது. சங்கத்தின் மேலிடம் சர்வாதிகாரி பென் அலிக்குத் தலையாட்டியபோதும் ஊர்க்கிளைகள் தெருவில் இறங்கின. ராணுவமோ சின்னது, கடைகண்ணி எதுவும் கிடையாது. 2013 அரசியல் நெருக்கடியில் சமரசம் செய்த நான்கு அமைப்புகளில் இந்தச் சங்கமும் ஒன்று, 2015இல் அந்த நால்வர் அணிக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

ரொம்பப் புகழவும் வேண்டாம். 2021 ஜூலையில் அதிபர் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது அதன் வாசலில் ராணுவ வண்டிதான் நின்றது. சங்கம் முதலில் பெரிதாக எதிர்க்கவில்லை.