ஓடாத ஊதுவிசிறியும் ஒரு சிறு ரிலேயும்

கேள்வி: எங்கள் மின்சாரக் காரில் ஹீட்டரின் ஊதுவிசிறி சில காலைகளில் ஓடுவதில்லை. பியூஸ் நன்றாகவே இருக்கிறது. விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்சான ரிலேயை நானே மாற்றலாமா? (வாசகர், குன்னூர்)

பதில்: உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மாற்றலாம், ஆனால் ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் மின்னழுத்தக் கம்பிகளின் பக்கம் கை போகவே கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, காரை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு ரிலேயை நேராக இழுத்தெடுங்கள். 85, 86 என்று குறித்த கால்களுக்கிடையே மல்டிமீட்டர் ஏறக்குறைய 70 முதல் 100 ஓம் வரை காட்டினால் ரிலேயை இயக்கும் கம்பிச்சுருள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். எனினும் விசிறிக்கு மின்சாரம் கடத்தும் 30, 87 கால்களின் உள்முனைகள் கருகியிருப்பதை அந்த அளவீடு காட்டாது என்பதால், அதே எண் பொறித்த ஹாரன் ரிலேயை அங்கே செருகிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. உங்கள் ஊர் ஈரத்தில் சாக்கெட்டின் செம்பில் பச்சை படிந்திருக்கவும் கூடும். அதைச் சுத்தம் செய்யாமல் புது ரிலே வாங்குவது தண்டச் செலவு.