விற்ற பொருளைத் திரும்ப வாங்க மறுத்தால்?

கேள்வி: ஓசூர்க் கடையொன்றில் வாங்கிய ஃப்ரிட்ஜ் பத்தே நாளில் பழுதாகிவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதாகக் கூறிக் கடைக்காரர் மறுக்கிறார். வழக்குத் தொடுக்க நான் கிருஷ்ணகிரிக்குத்தான் செல்ல வேண்டுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டியதில்லை. அந்த வாசகத்தைக் கண்டு நீங்கள் தயங்கவும் வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கப்படவில்லையெனில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறையாகும். ஆகவே, நாள் கடத்தாமல், பழுதை விவரித்து, பில்லின் நகலை இணைத்து, கடைக்கு ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டதைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம். அதற்கும் பலனில்லையெனில், நீங்கள் வசிக்கும் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.