கஞ்சாப் பலகாரமும் மில்லிகிராம் கணக்கும்: கேள்வி பதில்

டொராண்டோ பக்கம் ஒரு மிட்டாய்த் தொழிற்கூடத்தில் தரக்கட்டுப்பாடு பார்த்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். வெளிநாட்டில் கஞ்சா சேர்த்த தின்பண்டம் விற்பதைப் பற்றி நம் பலகாரக்காரர்கள் கேட்டதற்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் ஆச்சி: மகன் கனடாவில் கடை போடப் பார்க்கிறான். பொட்டலத்துக்கு எவ்வளவு சேர்க்கலாம்?

பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்), அவ்வளவுதான் ஆச்சி. ஒரே துண்டாகப் போட்டாலும் பத்தாக நறுக்கினாலும் அதே 10. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு கணக்கு. கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் துண்டுக்கு 10, பொட்டலத்துக்கு 100. மாசசூசெட்ஸில் துண்டுக்கு 5தான். அப்புறம் ஒன்று: கனடாவின் 2019 விதிப்படி, கஞ்சாத் தின்பண்டம் செய்யும் கட்டடத்தில் விற்பனைக்கு வேறு பலகாரம் போடக் கூடாது. ஒரே அடுப்படியில் தேன்குழலும் இதுவும் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தேவகோட்டை, மிட்டாய்ப் பட்டறை வைத்திருப்பவர்: எங்கள் கைப்பக்குவத்துக்கு இதெல்லாம் பெரிய வேலையா அண்ணே?

கைப்பக்குவத்தை நம்பினால்தான் கெட்டது! துண்டுக்கு 10 மில்லிகிராம் வீதம் நூறு துண்டு போட்டால், மொத்தமே ஒரு கிராம். அந்த ஒரு கிராம் பாகு முழுக்கச் சமமாகப் பரவ வேண்டும். டிஎச்சி எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. பாகிலிருந்து எண்ணெய் பிரிந்துவிட்டால் ஒரு துண்டில் 3 இருக்கும், பக்கத்துத் துண்டில் 25 இருக்கும். கலிஃபோர்னியாவில் உறையில் போட்ட அளவுக்கு மேலோ கீழோ 10 சதவீதம் தாண்டினால் அப்படியே விற்க முடியாது. நான் இருந்த இடத்தில் ஒருமுறை கிளறும் இயந்திரம் பாதியில் நின்று, ஒரு கொப்பரைச் சரக்கையே அழித்தோம்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இன்னொன்றை வாயில் போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்க்கும்.

பள்ளத்தூர் தம்பி: ஏற்றுமதிக்கு மட்டும் இங்கே செய்தால்?

கூடவே கூடாது தம்பி. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், கஞ்சா சேர்ந்த கலவையையும் பானத்தையும் சேர்த்தே தடுக்கிறது. இத்தனை மில்லிகிராம் வரை பரவாயில்லை என்ற பேச்சே அதில் இல்லை. தண்டனைக்கான அளவைப் பார்க்கும்போது கலப்புப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சர்க்கரையும் நெய்யும் சேர்ந்தே தராசில் ஏறும்.

புதுவயல்: ஹெம்ப் விதை மட்டும் கடையில் கிடைக்கிறதே?

அது வேறு கதை. ஹெம்ப் என்பது கஞ்சா இனத்திலேயே டிஎச்சி மிகக் குறைந்த வகை. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக ஏற்றது. டிஎச்சிக்கு உச்ச வரம்பு விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10. கனடாப் பொட்டலத்தின் 10 மில்லிகிராம் உள்ளே போக வேண்டுமென்றால் நீங்கள் 2 கிலோ விதை தின்ன வேண்டும்! கவுனி அரிசி மாவோடு சேர்த்துப் பார்க்கலாம். உரிமமும் ஆய்வகச் சான்றும் இல்லாமல் இறங்காதீர்கள். உறையில் இலைப் படமோ போதை பற்றிய ஜாடையோ கூடாது. தமிழில் ‘சணல் விதை’ என்று அச்சடிக்கிறார்கள், எரிச்சலாக வருகிறது. சணல் வேறு செடி.

கண்டனூர் ஐயா: பேரன் அங்கிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தால்?

எல்லை தாண்டி எடுத்துப்போவது கனடாவிலேயே குற்றம். வழியில் சிங்கப்பூரில் இறங்கினால் இன்னும் மோசம். மேப்பிள் பாகு வாங்கிவரச் சொல்லுங்கள் ஐயா, பணியாரத்துக்கு நன்றாக இருக்கும்.