மயில்துத்தமும் ஆர்கானிக் ஒயினும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில், சவெனியேர் ஊரிலுள்ள கூலே த செரான் என்ற திராட்சைத் தோட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவன். குடிப்பழக்கம் இல்லை, ஆனால் திராட்சை பற்றி யார் எழுதினாலும் விடாமல் படிப்பேன்.

அங்கே செய்யும் வெள்ளை ஒயினுக்கு ஆர்கானிக் சான்று உண்டு என்கிறீர்கள். அத்தகைய தோட்டங்களில் செப்பும் கந்தகமும் அடிக்கலாம் என்றும் எழுதுகிறீர்கள். செப்பு என்றால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தானே? நாங்களும் போர்டோ கலவை அடிக்கிறோம், எங்களை யாரும் இயற்கை விவசாயி என்று சொல்வதில்லை. பாரிஸிலிருக்கும் என் மருமகன் ஒரு ஆர்கானிக் ஒயின் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பினார். பின்பக்கம் 'சல்ஃபைட் உள்ளது' என்று அச்சிட்டிருக்கிறது. பரம்பரைக் குடும்பம், பழைய முறை, ரசாயனம் இல்லை என்றெல்லாம் சொல்லி விலையை ஏற்றுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ச. மு., கம்பம்

அன்புள்ள ச. மு.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. திராட்சை போடுகிறவர் கேட்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் மயில்துத்தம். 1878 வாக்கில் பிரான்சுக்குள், திராட்சை இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் நுழைந்தது. அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு வந்து சேர்ந்த பூஞ்சை அது. போர்டோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மியார்தே, போர்டோ அருகிலுள்ள மெதோக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதைக் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, அவற்றின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்திருந்தார்கள். அவர் சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்ட முறைதான் இன்று நீங்கள் டிரம்மில் கலக்கும் போர்டோ கலவை.

ஆர்கானிக் விதிகள் அதை விட்டுவைத்திருப்பதற்குக் காரணம், அதற்கு ஈடான மாற்று இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான். ஆனால் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ செப்பு. இது உலோகக் கணக்கு. மயில்துத்தத்தில் கால்வாசிதான் செப்பு என்பதால் ஹெக்டேருக்கு 16 கிலோ, ஏக்கருக்கு ஆறரை கிலோ மயில்துத்தம் ஆகிறது. நம் ஊர் ஒரு சதவீதக் கலவையாகக் கரைத்தால் 650 லிட்டர் வரும். ஒரு ஆண்டு முழுவதற்கும் அவ்வளவுதான். அதனால் மிக நீர்த்த கலவையாகப் பலமுறை அடிக்கிறார்கள். கனமழை பெய்தால் கழுவிப் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். 2024 போல மழை விடாத ஆண்டில் ஆர்கானிக் விவசாயிகள் பட்ட பாடு பெரிது. மற்றவர்கள் இலைக்குள் ஊடுருவும் மருந்தை அடித்துவிட்டுக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

செப்பு மக்குவதில்லை. மண்ணிலேயே தங்கி, அளவு கூடும்போது மண்புழுவைப் பாதிக்கிறது. ஆர்கானிக் திராட்சை வேளாண்மையின் பலவீனமான இடம் இது என்றே நினைக்கிறேன். அடிக்கடி தெளிப்பதால் டிராக்டர் கூடுதலாக ஓடி மண் இறுகுவதும் உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஆர்கானிக்கைப் புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. போர்டோ கலவை அடிப்பதால் மட்டும் நீங்கள் இயற்கை விவசாயி இல்லை என்றும் ஆகாது. இந்தியச் சான்று விதிகளும் செப்பைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. உங்களையும் சான்றையும் பிரிப்பவை களைக்கொல்லி, ரசாயன உரம், செயற்கைப் பூச்சிமருந்து ஆகியவைதான்.

அடுத்து சல்ஃபைட், அதாவது ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம். நொதிக்கும்போதே ஈஸ்ட் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடை உண்டாக்கிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அந்த வரியை அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே எல்லா பாட்டிலிலும் ஏறக்குறைய அது இருக்கும். வெள்ளை ஒயினுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. சிவப்பு ஒயின் தோலோடு நொதிப்பதால் தோலிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதைக் காற்றிலிருந்து காக்கிறது. வெள்ளையில் சாற்றைப் பிழிந்ததும் தோலை எடுத்துவிடுகிறார்கள். இனிப்பில்லாத டிரை ஒயின் என்பதில் ஒரு வசதி உண்டு. ஈஸ்ட் சர்க்கரையை முழுக்கத் தின்று தீர்த்துவிடுவதால் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்க எதுவும் மிச்சமில்லை. அதனால் இனிப்பு ஒயினுக்குத் தேவைப்படும் அளவு கந்தகம் இதற்கு வேண்டாம். சாதாரண டிரை வெள்ளை ஒயினுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை போகலாம். ஆர்கானிக்கில், சர்க்கரை ஏறக்குறைய இல்லாததற்கு 150தான். இந்த விதி 2012இல்தான் வந்தது. அதற்கு முன்பு 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்று மட்டுமே எழுத முடிந்தது, ஆலைக்குள் நடப்பதைச் சான்று தொடவில்லை.

இப்போது குடும்பம், பழைய முறை என்ற விஷயம். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. கூலே த செரான் வெறும் 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கர். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் என்ற கிறித்தவத் துறவிகள் அங்கே கொடி நட்டார்கள். இன்றைய ஜோலி குடும்பம் அதை வாங்கியது 1960களின் தொடக்கத்தில். நியூயார்க்கிலும் லண்டனிலும் ஜே.பி. மோர்கன் வங்கியில் வேலை பார்த்த நிக்கோலா ஜோலி 1977இல் ஊர் திரும்பினார். அதுவரை தோட்டத்தைக் கவனித்துவந்த அவருடைய அம்மா பழைய முறையில்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு வேளாண் ஆலோசகர் வந்து, களைக்கொல்லிக்கு மாறினால் நிறையப் பணம் மிச்சமாகும் என்றார். மகன் மாறினார். இரண்டே ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறியது, பூச்சிகள் காணாமல் போயின என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அப்புறம் பழைய புத்தகக் கடையில் உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக், அதாவது ரசாயனம் தவிர்த்து, கோள்களின் போக்கையும் கணக்கில் கொள்ளும் முறை) பற்றிய ஒரு நூல் கையில் கிடைத்து, 1984க்குள் முழுத் தோட்டத்தையும் அதற்கு மாற்றினார். இப்போது அவருடைய மகள் விர்ஜினி பொறுப்பில் இருக்கிறார்.

அம்மா செய்ததை மகன் கெடுத்ததும், அவரே அதைத் திருப்பிப் பிடித்ததும் ஒரே வீட்டில் நடந்தவை. அந்தக் காலத்தில் பிரான்ஸ் முழுக்க இதுதான் நிலைமை. ஆள் கிடைக்காமல் களைக்கொல்லியை ஆர்வத்தோடு வாங்கியவர்களில் பரம்பரைக் குடும்பங்களும் உண்டு. ஆகவே பாட்டிலில் குடும்பப் பெயரும் கோட்டைப் படமும் இருப்பது மண்ணைப் பற்றி எதையும் உறுதி செய்யாது. ஒரு இடத்தில் மட்டும் குடும்பத்துக்குப் பலம் உண்டு. மாறிய பிறகு ஆர்கானிக் பெயர் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை விளைச்சல் குறையலாம், கூடுதல் விலையும் கிடைக்காது. கொடியோ 50 ஆண்டுக்கு மேல் நிற்கும். அந்தக் காத்திருப்பைப் பேரப்பிள்ளைகளை மனதில் வைத்திருப்பவர்கள் ஓரளவு தாங்குகிறார்கள்.

உயிராற்றல் முறையில் பசுக்கொம்பில் சாணம் அடைத்துப் புதைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், நம் ஊரிலும் கொம்பு சாண உரம் செய்கிறார்கள். ஜோலியும் அதைத்தான் செய்கிறார். அதற்கு அவர் சொல்லும் கோள்களின் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் உழவுக்குக் குதிரையை விட்டதும், களைக்கொல்லியை நிறுத்தியதும், விளைச்சலைக் குறைத்துக்கொண்டதும் எவரும் பார்த்து அறியக்கூடிய வேலைகள். அவற்றை மனதாரப் பாராட்டுகிறேன்.

விலை பற்றி: கூலே த செரானின் விலை ஏறியிருப்பதற்குச் சிறிய பரப்பும், நீண்ட காலப் பெரும் புகழும் காரணம். நாந்த் நகரப் பக்கத்து மஸ்கதே ஒயினும் டிரைதான், அதிலும் ஆர்கானிக் தோட்டங்கள் இருக்கின்றன, விலை அதற்குப் பக்கத்தில்கூட வராது. உடம்புக்கு நல்லது என்று ஆர்கானிக் ஒயினை யாராவது விற்றால் நம்ப வேண்டாம். மது மதுதான், புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் அது இருக்கிறது.

மருமகனிடம் அந்தப் பாட்டிலில் நட்சத்திரங்களால் ஆன பச்சை இலைச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதையொட்டி 'எஃப்ஆர்-பயோ' என்று தொடங்கி ஒரு எண் இருக்கும். சோதனை செய்த நிறுவனத்தின் எண் அது, 01 என்றால் எகோசெர்ட். அது இல்லையென்றால் முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் ஆர்கானிக் கணக்கில் வராது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு எவ்வளவு மயில்துத்தம் செலவாகிறது? அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை, குளிர்காலத்தில் கொடியில் இலையே இருக்காது. கம்பத்தில் கொடிக்கு அந்த ஓய்வு கிடையாது. ஆறரை கிலோவில் உங்களால் சமாளிக்க முடியுமா என்று அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.